நஞ்சரசனுக்கு வராத வரி

காரைக்குடியில் யார் இறந்தாலும் அந்தச் செய்தி இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே குரலில்தான் தெருவுக்கு வந்தது. குரலுக்குச் சொந்தக்காரர் காஜா மைதீன். ஆட்டோக் கூரையில் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். கைப்பிடிக்கு மேலே கம்பியில் கட்டிய மைக். வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு, அவரே பேசிக்கொண்டு, செக்காலையில் தொடங்கிக் கழனிவாசல் வரை போய்த் திரும்புவார். ஜவுளிக்கடைத் திறப்பு, நகைக்கடைத் தள்ளுபடி, குடிநீர் வராத நாள் எல்லாம் அவர் வாயால் வந்தவைதான். ஆனாலும் ஊர் அவரை நினைத்தது சாவுச் செய்திக்காக. "பாய் வாயில பேரு வந்தாத்தான் செத்ததாவே சேத்தி" என்று கேலி பேசுவார்கள்.

மற்ற விளம்பர வண்டிக்காரர்கள் பேச்சைப் பதிவுசெய்து பென்டிரைவில் ஓடவிட ஆரம்பித்த பிறகும் அவர் ஒவ்வொரு தெருவிலும் புதிதாகப் பேசினார். காரணம் கேட்டால், "ஒரு மனுசன் செத்துருக்காரு. ஒரு தடவை பேசி வச்சுட்டு நான் பரோட்டா திங்கப் போறதா?" என்பார்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. இறந்தவரின் வீட்டார் கையால் எழுதிய சீட்டு இல்லாமல் சாவுச் செய்தி சொல்ல மாட்டார். மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட உயிரோடிருக்கும் ஒருவர் பெயரை 'இயற்கை எய்தினார்' என்ற வார்த்தையோடு சேர்க்க மாட்டார். சீட்டு கைக்கு வந்ததும், பெயரையும் எடுக்கும் நேரத்தையும் இடது புறங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். வண்டி ஓட்டும்போது குனிந்து காகிதம் பார்க்க முடியாதல்லவா? மற்றதெல்லாம் நாக்கிலேயே இருந்தது.

இவ்வளவு கவனமான மனிதர்தான் அந்தத் தவறைச் செய்தார். மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதக் காலையில், மெத்தைக் கடை கார்த்திகேய சிவம் தன் தாய்மாமா அருள்பாண்டி இறந்துபோனதைச் சீட்டில் எழுதி, ஒரு சொந்தக்காரர் மூலம் கொடுத்தனுப்பினார். கீழே தன் பெயரையும் கடை பெயரையும் போட்டிருந்தார். காஜா மைதீன் பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றபடி சீட்டை வாங்கினார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவசரத்தில் சீட்டின் கடைசி வரியைப் புறங்கையில் எழுதிக்கொண்டார்.

ஐந்து தெருக்களுக்குக் கார்த்திகேய சிவம் இயற்கை எய்தினார். ஆறாவது தெருவில், கையில் டீ கிளாஸோடு அவரே ஆட்டோவை மறித்தார்.

"பாய், என்னைய எத்தனை மணிக்கு எடுக்குறாக?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். செத்ததாகப் பொய்ச்செய்தி பரவினால் ஆயுள் கெட்டி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். "பாய் எனக்கு இருவது வருசம் கூட்டிக் குடுத்துருக்காரு" என்று அன்று மாமாவின் இழவு வீட்டிலேயே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆனால் அதற்குள் யாரோ ஒருவர் கல்லலுக்குப் போன் செய்துவிட்டார். அம்மா வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவி நாகஜோதி, தலைவிரிகோலமாகப் பஸ்ஸேறி அழுதுகொண்டே வந்து இறங்கினாள். புருஷன் குத்துக்கல்லாக நிற்பதைப் பார்த்தாள். நேராக ஆட்டோ முன்னால் போய், "என் தாலிய மைக்கு போட்டு அறுத்தீகளே பாய்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மாலையே காஜா மைதீன் குழாய்களைக் கழற்றினார். மெத்தைக் கடைத் தெரு வழியாகப் போவதை நிறுத்தினார். ஆட்டோவில் தண்ணீர் கேன் ஏற்றிப் போட ஆரம்பித்தார். யார் கூப்பிட்டும் மைக்கைத் தொடவில்லை.

நான் அப்போது ஊரில் இல்லை. ஏழு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் போன வருடம்தான் திரும்பினேன். சென்னையில் உள்ள ஒரு டப்பிங் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே ஒலிப்பதிவு, ஒலித் திருத்த வேலை செய்கிறேன். அங்கே ஒரு வெளிநாட்டு சூப்பர் ஹீரோ கார்ட்டூன் தொடரைத் தமிழில் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். நாயகன் சுடர்வீரன். வில்லன் நஞ்சரசன், நகரத்தின் தண்ணீரில் நஞ்சு கலக்கிறவன். நஞ்சரசனுக்குப் பேச இருந்தவர் கடைசி நேரத்தில் விலகிவிட்டார். டப்பிங் இயக்குநர் வெங்கட்ராமன் எனக்குப் போன் செய்து, "உங்க ஊர்ப் பக்கம் அடி வயித்துலேர்ந்து பேசுற ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டபோது எனக்கு நினைவு வந்தது ஒரே குரல்தான். சின்ன வயதில் அந்த ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தால் எங்கள் வீட்டில் மிக்ஸியை நிறுத்துவார்கள்.

தேடிப் போனேன். கேன் இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் தண்ணி கேன் போடுறவன் தங்கச்சி. தண்ணியில விஷம் கலக்குறவனாப் பேசுனா, எங்கிட்ட எவன் தண்ணி வாங்குவான்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ஷரபுன்னிசா வந்தார். "வீட்டுலயே இவுக பேசி மூணு வருசமாச்சு. சோறு வேணுமான்னா தலைய ஆட்டுறாக. விஷமோ வெல்லமோ, எதையாச்சும் பேசச் சொல்லும்மா" என்றார்.

காஜா மைதீன் சிரித்துவிட்டார். அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சொல் பேசினால் மூன்று சொல்லாகத் திரும்பி வந்தது. போர்வை கட்டிப் பார்த்தோம், பாய் விரித்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. அவரே சொன்னார்.

"சத்தம் அடங்குற எடம் இந்த ஊருல ஒண்ணுதான். மெத்தைக் கடை குடோனு. சுத்தியும் பஞ்சு. ஆனா அங்குட்டு என்னையக் கூப்புடாதீக."

ஏன் என்று கேட்டபோதுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது. அவரிடம் சொல்லாமல் மெத்தைக் கடைக்குப் போனேன். கார்த்திகேய சிவம் தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். புருவத்திலெல்லாம் பஞ்சு.

"மூணு வருசமா என் தெருவுக்குத் தண்ணி கேனு வரலைன்னு நானும் பாக்குறேன். வரச் சொல்லுத்தா. நாகஜோதி மத்தியானம் சோத்தோட வருவா, அது வரைக்கும் குடோன் உங்களுது" என்றார்.

குறித்த நாளில் காஜா மைதீன் வந்தார். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். கார்த்திகேய சிவம் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கி, "உள்ள வாங்க பாய். பொணம் கூப்புடுது" என்றார். காஜா மைதீன் முகத்தை மூடிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே வந்தார்.

குடோனில் மெத்தைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஆள் நிற்க இடம். அதில் மைக்கை நிறுத்தினேன். மடிக்கணினியில் படம் ஓடும். சென்னையிலிருந்து வெங்கட்ராமன் கேட்டுக்கொண்டிருப்பார். சோதனைக்கு மூன்று காட்சிகள். அன்று மாலைக்குள் அவை தொடரை வாங்கிய நிறுவனத்துக்குப் போக வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் பதிமூன்று எபிசோடுக்கும் காஜா மைதீன்தான். பிடிக்காவிட்டால் மதுரையில் ஒருவர் தயாராக இருந்தார்.

முதல் காட்சியில் சிரிப்பு. நஞ்சரசன் மலை உச்சியில் நின்று சிரிக்க வேண்டும். காஜா மைதீன் சிரித்தது, கடன் கேட்டு வந்தவர் வாசலில் தொண்டையைச் செருமுவது போல இருந்தது.

"சார், வில்லன் சார். கொஞ்சம் கெத்தா" என்றார் வெங்கட்ராமன்.

"தம்பி, நான் சிரிச்சுப் பேசுன விளம்பரம் நகைக் கடைக்கு மட்டும்தான்."

"அப்ப நகைக் கடைய நெனச்சுக்கங்க."

அவர் நகைக் கடையை நினைத்துக்கொண்டார். "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று சொல்லிவிட்டு வரும் அந்த மிதப்பான சிரிப்பு நஞ்சரசன் வாய்க்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வெங்கட்ராமன் கைதட்டியது ஹெட்போனில் கேட்டது. இரண்டாவது காட்சி நஞ்சரசன் தன் ஆட்களைத் திட்டுவது. அதை ஒரே டேக்கில் முடித்தார். அவர் தோள் நிமிர்ந்திருந்தது. முன்னாலிருந்த மைக்கை, பழைய நண்பன் கையைப் பிடிப்பது போல ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

மூன்றாவது காட்சியின் வசனத்தை நான் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். படிக்காதது என் தப்பு. நஞ்சரசன் நகரத்தின் ஒலிபெருக்கிகளையெல்லாம் கைப்பற்றித் தெருத்தெருவாக அறிவிக்கிறான். தாளில் மூன்று வரிகள் இருந்தன. 'நகர மக்களுக்கு ஓர் அறிவிப்பு. உங்கள் சுடர்வீரன் இறந்துவிட்டான். இனி உங்களைக் காக்க யாருமில்லை.'

காஜா மைதீன் முதல் வரியைச் சொன்னார். மூன்றாம் வரியைச் சொன்னார்.

"நடு வரி விட்டுட்டீங்க சார்."

மறுபடி சொன்னார். மறுபடியும் நடு வரி இல்லை. மூன்றாம் முறை வாயைத் திறந்தார், குரல் எழவில்லை.

"அவன் சாகலையே தம்பி" என்றார். "அடுத்த எபிசோடுல வாரானே. நீங்கதான சொன்னீக."

"ஆமா சார். வில்லன் பொய் சொல்றான்."

"தெரியுது."

"அப்ப சொல்லுங்க சார். அஞ்சு மணிக்குள்ள எனக்குக் கையில வேணும். இல்லேன்னா மதுரைக்காரரைத்தான் கூப்பிடணும், தப்பா நெனச்சுக்காதீங்க."

காஜா மைதீன் ஹெட்போனைக் கழற்றி மைக் மேல் மாட்டினார். நான் வெங்கட்ராமனிடம் பத்து நிமிடம் கேட்டேன்.

"முடியாது தங்கச்சி" என்றார் காஜா மைதீன். "இது கதைன்னு புத்திக்குத் தெரியுது, நாக்குக்குத் தெரியல. அந்த வார்த்தை கிட்ட வந்தா அந்தப் பஸ்ஸுல வந்த பொம்பள கண்ணுக்கு முன்னால வந்து நிக்குது. மதுரைக்காரவுகளையே பேசச் சொல்லுங்க. என்னையக் கூப்புட்டீகளே, அதுவே போதும்."

குடோன் கதவருகில் டீயோடு கார்த்திகேய சிவம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. எங்களுக்கு டீயைக் கொடுத்துவிட்டு, தன் கிளாஸோடு காஜா மைதீனுக்கு எதிரே ஒரு மெத்தை அடுக்கின் மேல் ஏறி, சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"பாய், எம் பேரைப் போட்டுச் சொல்லிப் பழகுங்க."

"அல்லாவே! என்ன பேசுறீக அண்ணே?"

"ஏற்கெனவே அஞ்சு தெருவுக்குச் செத்தவன்தான நானு? ஆறாவது தெருவுல என்ன புதுசா ஆயிரப் போகுது? என்னையப் பாத்துக்கிட்டே சொல்லுங்க. நான் டீ குடிச்சுக்கிட்டே இருக்கேன். நீங்க சொல்லி முடிக்கையில நான் இருந்தா சரி, இல்லாட்டி நிப்பாட்டிக்கங்க."

காஜா மைதீன் அவரை வெறித்துப் பார்த்தார். கார்த்திகேய சிவம் சத்தம் போட்டு டீயை உறிஞ்சினார்.

"நகர மக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்றார் காஜா மைதீன் மெதுவாக. "கார்த்திகேய சிவம்… இறந்துவிட்டார்."

"வில்லன் எதுக்குப் பாய் மரியாதை குடுக்குறான்? விட்டான்னு சொல்லுங்க."

"எப்படிண்ணே வாயில வரும்?"

"வரும் வரும். எம் பொண்டாட்டி தெனமும் சொல்லலையா?"

காஜா மைதீன் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. மறுபடி சொன்னார். கார்த்திகேய சிவம் இறந்துவிட்டான். எதிரே கார்த்திகேய சிவம் டீயின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார். இன்னொரு முறை சொன்னார். கார்த்திகேய சிவம் கொட்டாவி விட்டார். நான்காவது முறை காஜா மைதீன் என் பக்கம் திரும்பி, "ஓட விடுங்க தங்கச்சி" என்றார்.

படம் ஓடியது. எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பார்த்தபடியே, "உங்கள் சுடர்வீரன் இறந்துவிட்டான்" என்றார். கத்தவில்லை. மிரட்டவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் தெருத்தெருவாகச் சொன்ன அதே இரக்கத்தோடு சொன்னார். நாலைந்து நகரங்களில் பெரிய பெரிய பதிவறைகளுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். எங்கும் இப்படி ஒரு டேக் என் கையில் கிடைத்ததில்லை. பஞ்சு அறை ஒரு மூச்சைக்கூட வெளியே விடாமல் வாங்கி வைத்துக்கொண்டது.

ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன். இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"இன்னொரு டேக் வேண்டாம்" என்றார் வெங்கட்ராமன். "இதையே அனுப்புங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

நான் செய்த அடுத்த தப்பு, எல்லா டேக்கையும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டது. ஒத்திகை பார்த்ததும் பதிவாகியிருந்தது. 'கார்த்திகேய சிவம் இறந்துவிட்டான்' என்று குடோன் முழுக்கக் குரல் எழுந்த நேரத்தில், கையில் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு நாகஜோதி கதவைத் திறந்தாள்.

அவள் புருஷனைப் பார்த்தாள். மெத்தை மேலிருந்து அவர் கையை ஆட்டினார்.

"ஒருக்கா செத்தது பத்தலையா ஒங்களுக்கு?" என்றாள். "மூணு வருசத்துக்கு ஒருக்கா திதி மாதிரி கொண்டாடுறீகளோ?"

"நாந்தேன் சொல்லச் சொன்னேன், நாகு. பாய்க்கு ஒரு வேலை…"

"நீங்க பேசாதீக. செத்தவுக பேசப்படாது."

காஜா மைதீன் எழுந்து நின்றார். "தங்கச்சி, தப்பு என்மேலதான். அன்னைக்கும் தப்பு, இன்னைக்கும் தப்பு. உங்க காலுல…"

"காலும் வேணாம் கையும் வேணாம், உக்காருங்க பாய்." தூக்குவாளியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணு சொல்றேன், இவுக கேட்டாலும் சரிதேன். அன்னைக்கு நான் கல்லலுக்கு விருந்தாடியாப் போகல. சண்டை போட்டுட்டுப் பெட்டியத் தூக்கிட்டுப் போனவ. பதினோரு நாளு. இவுக போன் பண்ணுனா எடுக்கல. இனிமே அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கிறதில்லைன்னு எங்க அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருந்தேன்."

கார்த்திகேய சிவம் குனிந்து, கையிலிருந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் செய்தி வந்துச்சு. கல்லலுல பஸ்ஸேறுனதுலருந்து காரைக்குடி வர்ற வரைக்கும் நான் என்னென்ன வேண்டுனேன்னு எனக்குத்தேன் தெரியும். எறங்கிப் பாத்தா இவுக நிக்கிறாக. அன்னைக்கு ராத்திரி பெட்டிய எடுக்கத் தம்பியத்தேன் அனுப்புனேன், நான் திரும்பிப் போகல. நீங்க தப்பாப் பேரு சொல்லலைன்னா நான் வந்துருக்க மாட்டேன் பாய்."

"அப்புறம் ஏந்தங்கச்சி ஒரு வார்த்தை…" காஜா மைதீனால் முடிக்க முடியவில்லை.

"கோவம்னா நெனச்சீக? வெக்கம். உங்க மூஞ்சியப் பாத்தா அந்தப் பஸ்ஸுல அழுதது ஞாவகம் வரும். நன்றின்னு சொல்ல வேண்டியவ நானு. எப்படிச் சொல்றது, எம் புருசனச் சாகடிச்சதுக்கு நன்றின்னா?"

கார்த்திகேய சிவம் மெத்தையிலிருந்து இறங்கினார். தூக்குவாளியை எடுத்துத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

நாகஜோதிதான் முதலில் தேறினாள். "ரெண்டு வாட்டி பேரு சொல்லியாச்சு. அப்படியே விடக் கூடாது. வெளிய வாங்க ரெண்டு பேரும்."

"எதுக்கு?"

"சுத்திப் போடணும். இதுக்குள்ள நெருப்பு வச்சா கடையே போயிரும், ரோட்டுக்கு வாங்க."

டீக்கடையில் கல் உப்பும் காய்ந்த மிளகாயும் வாங்கிக்கொண்டாள். கொட்டாங்கச்சியில் நாலு கங்கும் கேட்டு வாங்கி ரோட்டோரமாக வைத்தாள். புருஷனைக் கிழக்கே பார்க்க நிறுத்தினாள். பிறகு காஜா மைதீனைத் திரும்பிப் பார்த்துத் தயங்கினாள்.

"உங்களுக்கு இது ஆகுமா பாய்?"

"எங்க அம்மா உப்பு சுத்துவாக, தங்கச்சி. நீங்க சுத்துங்க."

இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றார்கள். அவள் சுற்ற ஆரம்பித்தபோது என் போன் அடித்தது. வெங்கட்ராமன்.

"நஞ்சரசன் இருக்காரா?"

"ரோட்டுல நிக்கிறார் சார். திருஷ்டி கழிக்கிறாங்க."

"அதுக்குள்ளயா? நான் இன்னும் விஷயமே சொல்லலையே. அவங்க ஓகே பண்ணிட்டாங்க. மூணாவது காட்சியை ரெண்டு தடவை போட்டுக் கேட்டாங்களாம். பதிமூணு எபிசோடும் அவர்தான். போனைக் குடுங்க."

நான் போனை நீட்டினேன். நாகஜோதி என் கையைத் தட்டிவிட்டாள். "சுத்தையில பேசக் கூடாது."

காஜா மைதீன் உதட்டை மூடிக்கொண்டு கண்ணால் என்னைக் கேட்டார். நான் இரண்டு கைகளாலும் பத்தைக் காட்டி, பிறகு மூன்றைக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாகஜோதி மூன்று சுற்றையும் நிதானமாக முடித்துவிட்டுக் கங்கில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் நெடி கிளம்பித் தெருவே இருமியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆரம்பித்த காஜா மைதீனும் இருமினார்.

"தள்ளி நில்லுங்க பாய்" என்று நாகஜோதி அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "தொண்டை போயிட்டா, பதிமூணையும் யாரு பேசுறது?"